சீட்டு யார் தருவது?: பாம்பன் கரையில் ஓர் அமெரிக்கத் தேர்தல் பேச்சு

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாளுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நான்கு நாள் கழித்து, 19-ஆம் தேதி, நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு. பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் நின்று ஓராண்டுக்கு மேலாகியிருந்ததால் பாம்பனில் அந்தச் சத்தமும் இல்லை. ஆண்களில் பெரும்பாலோர் கரையில் இருந்த, பேசுவதற்குத் தேர்தலைத் தவிர வேறெதுவும் கிடைக்காத வாரம் அது. நான் கணக்கு எழுதுகிற ஐஸ் கம்பெனியில் தடைக்காலத்தில் பெரிய வேலை இராது என்பதால், மாலை நேரங்களில் பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடியில் போய் உட்காருவது வழக்கம். முப்பது ஆண்டுக்கு மேல் வல்லம் என்னும் நாட்டுப்படகுக்குச் சம்மாட்டியாக, அதாவது முதலாளியாக, இருந்தவர் அவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருப்பதோடு சரி.

அன்றைக்குத் தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் பைடனும் டிரம்ப்பும்தான் மோதப்போகிறார்கள் என்பது மார்ச் மாதமே உறுதியாகிவிட்டது என்று நான் சொன்னபோது, பெரியப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அங்கிட்டு சீட்டு யாருப்பா குடுக்குறாக?"

யாரும் கொடுப்பதில்லை, கட்சியை ஆதரிக்கும் மக்களே மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஜனமே சீட்டு குடுக்கும்னா, அப்புறம் கட்சி எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அந்த நாட்டு அரசியல் அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அன்று முதல் அதை அவ்வப்போது யோசித்துவருகிறேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் பக்கத்து வழக்கம் பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். சீட்டுக் கேட்பவர் கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார், நேர்காணலுக்குப் போவார், அங்கே "எவ்வளவு செலவு செய்வீர்கள், உங்கள் தொகுதியில் நம் ஓட்டு எவ்வளவு" என்று கேட்பார்கள், பிறகு ஒருநாள் இரவில் தலைமை பட்டியலை வெளியிடும். பட்டியலில் பெயர் வராதவர் வீட்டில் படுத்துக்கொள்வார் அல்லது சுயேச்சையாக நிற்பார். வேட்பாளருக்கு வெற்றிவாய்ப்பு இருக்கிறதா என்று கணக்குப் போடுவது முழுக்கத் தலைமையின் வேலை. வாக்காளருக்கு அந்தத் தலைவலி இல்லை. அமெரிக்காவில் நடக்கிற விசித்திரம், அந்தக் கணக்கை வாக்காளர் தலையிலேயே கட்டிவிட்டதுதான். பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கச் செல்கிற ஒரு பள்ளி ஆசிரியையோ லாரி ஓட்டுநரோ, "எனக்கு யாரைப் பிடிக்கும்" என்பதோடு நில்லாமல், "நம் ஆளில் யார் நின்றால் எதிர்க்கட்சியைத் தோற்கடிக்க முடியும்" என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் மாவட்டச் செயலாளர் யோசிப்பதை அங்கே லட்சக்கணக்கானோர் தனித்தனியாக யோசிக்கிறார்கள்.

அங்கும் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். கட்சிப் பெரியவர்கள் கூடி முடித்துவைத்தார்கள். வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் சிகாகோ கட்சி மாநாட்டின் மண்டபத்துக்கு வெளியே நடந்த கலவரமும் உள்ளே நடந்த கூச்சலும் அந்த முறைக்கு முடிவுகட்டின. விதிகள் மாறி, மக்கள் வாக்கே பிரதானம் என்றானபின் 1972-இல் ஜார்ஜ் மெக்கவர்ன் வேட்பாளராகி, 50 மாநிலங்களில் 49-ஐக் குடியரசுக் கட்சியின் நிக்ஸனிடம் இழந்தார். கட்சிக்காரர்கள் பதறிப்போய், 1984 தேர்தலிலிருந்து எம்.பி.க்களும் கவர்னர்களும் மாநாட்டில் தங்கள் விருப்பப்படி வாக்களிக்கும் 'சூப்பர் டெலிகேட்' முறையைக் கொண்டுவந்தார்கள். 2018-இல் அதையும் வெட்டி, போட்டி இருக்கும் பட்சத்தில் மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை என்று ஆக்கினார்கள். கட்சிப் பெரியவர்களின் கையிலிருந்து ஓட்டு போனது, வாய் மட்டும் மிஞ்சியது. அந்த வாயால் செய்வதுதான் ஆதரவு அறிவிப்பு.

அந்த வாய்க்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நான் ராமநாதபுரத்தை விட்டு வெகுதூரம் போகத் தேவையில்லை. அந்த 2024 தேர்தலில் எங்கள் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் வேறு சிலரும் மனுச் செய்திருந்தார்கள். பாரதிய ஜனதா கூட்டணியின் ஆதரவு அவருக்கு இருந்தது. முகம் தெரியாதவர் எவருமில்லை. ஆனாலும் பிரச்சார வண்டிகள் செய்த முதல் வேலை பலாப்பழத்தைக் காட்டுவதுதான். ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ் கனி 1,66,782 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோல்விக்குச் சின்னம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, கூட்டணிக் கணக்கு அதைவிடப் பெரியது. சின்னம் என்பது வாக்காளருக்கு எத்தனை யோசனையை மிச்சப்படுத்துகிறது என்பதை மட்டும் சொல்ல வருகிறேன். இரட்டை இலை, உதயசூரியன் என்றால் ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமலே பாதி முடிவு ஆகிவிடும்.

முதனிலைத் தேர்தலில் அந்த வசதி அறவே கிடையாது. நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சி, கொள்கையிலும் ஏறக்குறைய ஒரே பேச்சு. 2020 தேர்தலுக்காக 2019-இல் ஜனநாயகக் கட்சி விவாத மேடையில் பத்துப் பேர் வரிசையாக நின்றபோது, நானே பெயரையும் முகத்தையும் பொருத்திப் பார்க்கச் சிரமப்பட்டேன். ஆக, சின்னம் செய்ய வேண்டிய வேலையை அங்கே வேறொன்று செய்ய வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த, நான் நம்புகிற ஒருவர், "இவர்தான்" என்று சொல்வது அந்த வேலையைச் செய்கிறது. நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் யார் யாரை ஆதரித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அப்போது கட்சிப் பெயரே போதும்.

இதைப் பெரியப்பாவுக்கு விளக்க எனக்கு மீன் ஏலத்தைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. எங்கள் கரையில் விடிகாலையில் ஒரு கூறு விளமீனோ பாறையோ தரையில் கொட்டப்பட்டதும், சுற்றி எட்டுப் பத்து வியாபாரிகள் நிற்பார்கள். ஏலம் கூறுபவர் ஒரு விலையைச் சொல்லித் தொடங்குவார். புதிதாகப் பார்ப்பவர், எல்லாரும் மீனைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார். கொஞ்சநாள் நின்று பார்த்தால் தெரியும்: சின்ன வியாபாரிகளின் கண் மீனில் ஒருமுறைதான் படுகிறது, பிறகு அது முழுக்க அந்தப் பெரிய வியாபாரியின் முகத்தில்தான் இருக்கிறது. அவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மோவாயை லேசாக அசைத்தால், அந்த மீனுக்கு மதுரையிலோ கேரளத்திலோ ஆள் இருக்கிறது என்று பொருள். உடனே விலை ஏறும். அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால், அதே மீன், அதே கண், அதே செவுள் சிவப்பு, விலை போகாமல் கிடக்கும். மீன் நல்லதா என்பதைவிட, அடுத்தவன் அதை நல்லது என்று நினைப்பானா என்பதற்குத்தான் விலை. வெற்றிவாய்ப்பு என்று அமெரிக்கர்கள் பேசிக்கொள்வதும் இதுதான். அது வேட்பாளரின் செவுளில் இல்லை.

பெரியப்பா இதை ஒப்புக்கொண்டார். "சரி, அங்கிட்டுப் பெரிய வியாபாரி யாரு?" என்று கேட்டார். அப்போதுதான் தென் கரோலினா மாநிலத்து ஜனநாயகக் கட்சி எம்.பி. ஜிம் கிளைபர்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

2020 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஜோ பைடனின் நிலை பரிதாபமாக இருந்தது. அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம், நெவாடாவில் பெர்னி சாண்டர்ஸுக்கு வெகுதூரம் பின்னால் இரண்டாம் இடம். 1988, 2008 தேர்தல்களுக்கும் முயன்றவர் என்றாலும், அதுவரை அவர் தம் வாழ்நாளில் ஒரு முதனிலைத் தேர்தலில்கூட வென்றதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குப்பதிவு முடியும் முன்பே அந்த மாநிலத்தை விட்டுக் கிளம்பித் தென் கரோலினாவுக்குப் போய்விட்டார். நெவாடாவுக்கு அடுத்த போர்க்களம் அது. அங்கே ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில் வாக்களிப்பவர்களில் பாதிக்கும் மேலானோர் கறுப்பினத்தவர், அவர்கள் மத்தியில் கிளைபர்னுக்கு இருந்த மதிப்பு எந்தப் பதவியிலும் அடங்காதது. கட்சியின் நாடாளுமன்றக் கொறடாவாக அவர் இருந்தது உண்மைதான், ஆனால் அதற்காக யாரும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1992-இல் தமக்காகத் தேர்தல் வேலை செய்தவர்களில், கட்சி நடத்தும் கட்டண விருந்துக்குப் போக வசதியில்லாதவர்களுக்காக மீன் பொரித்துப் போட ஆரம்பித்தவர் அவர். அந்த மீன் விருந்து பின்னர் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று; 2019-இல் கட்சியின் வேட்பாளர்களாக விரும்பிய 20-க்கும் மேற்பட்டவர்கள் அதில் வரிசையாக வந்து நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

"மீனு பொரிச்சுப் போட்டவன் சொல்லைத் தட்டக்கூடாதுதான்" என்றார் பெரியப்பா.

கிளைபர்ன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு தமக்குத் தெரிந்தவர் ஒருவரின் இறுதிச் சடங்குக்காக ஒரு தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதிய பெண்மணி அவரைக் கையசைத்து அருகே அழைத்தார். யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள், வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் என் காதில் சொல்லுங்கள் என்றார். கிளைபர்ன் குனிந்து சொன்னார். அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன், இந்தச் சமுதாயமே நீங்கள் சொல்வதற்குக் காத்திருக்கிறது என்றார் அந்தப் பெண்மணி. அங்கிருந்து வெளியே வந்தபிறகு இனியும் மௌனமாக இருக்க முடியாது என்று தமக்குப் பட்டதாகக் கிளைபர்ன் சொல்கிறார்.

நான் இந்த நிகழ்ச்சியைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்மணிக்குப் பைடனைத் தெரியாமலில்லை. ஒபாமாவுடன் எட்டு ஆண்டு துணை அதிபராக இருந்தவரை அந்த மாநிலத்தில் தெரியாதவர் யார்? கருத்துக்கணிப்புகளில் 2019 முழுவதும் அங்கே பைடன்தான் முன்னிலையில் இருந்தார். முதல் மூன்று மாநிலங்களில் அடிவாங்கியபின்தான் அந்த முன்னிலை கரைந்தது. அதாவது, அந்த மக்களுக்கு அவர் மீதிருந்த விருப்பம் குறையவில்லை. "மற்றவர்கள் இவரைக் கைவிட்டுவிட்டார்களோ, நான் மட்டும் போட்டு வீணாகிவிடுமோ" என்ற தயக்கம் வந்திருந்தது. பிப்ரவரி 26-ஆம் தேதி கிளைபர்ன் பேசினார். ஜோவை நமக்குத் தெரியும், அதைவிட முக்கியம் ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்ற பொருளில் அவர் சொன்ன வாக்கியம் அன்று மாலைக்குள் மாநிலமெங்கும் போய்ச் சேர்ந்தது. 29-ஆம் தேதி பைடன் ஏறக்குறைய 49 சதவீத வாக்குப் பெற்றார், சாண்டர்ஸ் 20 சதவீதம். வாக்குச்சாவடிக்கு வெளியே கேட்டபோது, வாக்களித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிளைபர்னின் சொல் தங்கள் முடிவில் முக்கியமானது என்றார்கள்.

அவர் யாருடைய மனத்தையும் மாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு, எல்லாரும் ஒரே பக்கம் நகரலாம் என்று தைரியம் கொடுத்தார். பெரிய வியாபாரியின் மோவாய் அசைந்தது.

"சும்மாவா சொன்னாரு?" என்று பெரியப்பா கேட்டார். அவர் கேட்காமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். சும்மா இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று பைடன் பொதுவில் வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது கிளைபர்னின் வற்புறுத்தல். பிப்ரவரி 25-ஆம் தேதி சார்ல்ஸ்டன் நகரில் நடந்த விவாத மேடையில், இடைவேளையின்போது கிளைபர்ன் போய் நினைவூட்டியபின், பைடன் அதைச் சொன்னார். 2022-இல் கெட்டாஞ்சி பிரௌன் ஜாக்சன் நியமனத்தில் அந்த வாக்கு நிறைவேறியது. நம் பக்கத்தில் இதைப் பேரம் என்று முகம் சுளிப்போம். எனக்கென்னவோ, தன் வீட்டுக்காகக் கேட்காமல் தன் மக்களுக்காகக் கேட்டு, அதையும் மேடையில் எல்லார் காதிலும் விழும்படி வாங்கிக்கொண்டவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை.

அதன்பிறகு நடந்தவை மூன்றே நாளில் நடந்தன. போட்டியாளர்களில் பீட் புட்டிஜெட்ஜ் மார்ச் 1-ஆம் தேதி விலகினார். மறுநாள் ஏமி குளோபுச்சர் விலகினார். அன்று மாலை இருவரும் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகருக்கு வந்து பைடனை ஆதரித்தார்கள். அதற்கடுத்த நாள் 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு. பத்தில் பைடன் வென்றார். பிரச்சாரத்துக்கே அநேகமாகப் போகாத மின்னசோட்டாவிலும் வென்றார், இன்னொரு போட்டியாளரான எலிசபெத் வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலும் வென்றார். 50 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைக் கொட்டிய மைக்கேல் புளூம்பெர்க்குக்கு அமெரிக்கன் சமோவா என்ற தீவுப்பகுதி மட்டும் மிஞ்சியது. ஒரே வாரத்தில் ஒரு முழுத் தேர்தலும் புரண்டு படுத்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்பவர்கள் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டுகிற கேள்வி அது.

"பெரிய ஆளு சொன்னதுனால ஜனம் போட்டுச்சா? இல்ல, ஜனம் போடப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பெரிய ஆளு சொன்னாரா?"

கிளைபர்ன் விஷயத்தில் முதலாவது என்று சொல்லலாம். தோற்றுக்கொண்டிருந்தவருக்காக அவர் தம் பெயரைப் பணயம் வைத்தார். பெரும்பாலான சமயங்களில் நடப்பது இரண்டாவது. 2024-இல் குடியரசுக் கட்சியின் செனட்டர்களும் எம்.பி.க்களும் டிரம்ப்புக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றது அவர் ஜெயிப்பார் என்று தெரிந்தபின்தான். அதில் மனத்தை உறுத்துகிற ஒரு காட்சி உண்டு. டிம் ஸ்காட்டை 2012-இல் செனட்டர் பதவிக்கு நியமித்தவர் அப்போது தென் கரோலினா கவர்னராக இருந்த நிக்கி ஹேலி. 2024 ஜனவரியில் அதே ஹேலி அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்றபோது, ஸ்காட் டிரம்ப்பின் மேடையில் ஏறி ஆதரவு தெரிவித்தார். அடுத்த மாதம் சொந்த மாநிலத்திலேயே ஹேலி 20 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். கடலில் இதற்குப் பெயர் துரோகம் இல்லை, காற்றுப் பார்த்துப் பாய் விரிப்பது. ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை.

சொன்னாலும் எடுபடாத ஆதரவுகளைப் பட்டியலிட்டால் இரவு முழுவதும் பேசலாம். 2003 டிசம்பரில் முன்னாள் துணை அதிபர் அல் கோர், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் நின்ற ஹோவர்ட் டீனை ஆதரித்தார். ஆறு வாரம் கழித்து அயோவாவில் டீன் 18 சதவீதத்தோடு மூன்றாம் இடத்துக்குப் போனார். 2008 ஜனவரியில் மூத்த செனட்டர் டெட் கென்னடி ஒபாமாவை ஆதரித்தபோது பழைய ராஜாவே புதிய ராஜாவுக்கு முடிசூட்டிவிட்டதுபோல் எழுதினார்கள். ஒரு வாரத்தில் கென்னடியின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் ஹிலாரி கிளின்டன்தான் வென்றார். 2015 முழுவதும் குடியரசுக் கட்சிப் பிரமுகர்களின் ஆதரவில் முன்னிலையில் இருந்த ஜெப் புஷ், பத்துக் கோடி டாலருக்கு மேல் அவருக்காகத் திரட்டப்பட்டிருந்தும், 2016 பிப்ரவரியில் மூட்டை கட்டினார். 2023 நவம்பரில் அயோவா கவர்னர் கிம் ரெனால்ட்ஸ், டிரம்ப்போடு போட்டியிட்ட ரான் டிசான்டிஸை ஆதரித்தார். இரண்டு மாதத்தில் அதே அயோவா டிரம்ப்புக்கு 51 சதவீதம் கொடுத்தது. 2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை யாரை ஆதரிப்பது என்று முடிவுசெய்ய முடியாமல் வாரன், குளோபுச்சர் இருவரையும் சேர்த்து ஆதரித்தது. ஒரு கூறு மீனுக்கு ஒரே ஆள் இரண்டு விலை சொன்னதுபோலத்தான்.

இவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நெவாடா. லாஸ் வேகஸ் விடுதிகளில் வேலை செய்யும் சமையல் தொழிலாளர்களின் சங்கம் அறுபதாயிரம் பேர் அளவுக்கு உறுப்பினர்களைக் கொண்டது. 2020-இல் அவர்கள் யாரையும் ஆதரிக்கவில்லை. ஆனால் சாண்டர்ஸின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சங்கம் போராடிப் பெற்ற காப்பீட்டை இல்லாமலாக்கும் என்று உறுப்பினர்களை எச்சரித்தார்கள். சாண்டர்ஸ் அந்த மாநிலத்தை வென்றார், விடுதிகளுக்குள்ளேயே தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட வாக்களிப்புக் கூட்டங்களிலும் முன்னணியில் வந்தார். கரையில் சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. டீசல் விலைக்கும் டோக்கனுக்கும் சங்கத் தலைவர் சொல்வதைத் தட்டாமல் கேட்பார்கள். ஓட்டு யாருக்கு என்று அவர் சொன்னால், "அது நம்ம வீட்டு விஷயம்" என்று போய்விடுவார்கள். கிளைபர்னின் சொல் எடுபட்டதற்கும் இவர்களின் சொல் எடுபடாததற்கும் வேறுபாடு அதிகாரத்தில் இல்லை. ஒருவரிடம் மக்களே வந்து காதில் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்காமலே சொன்னார்கள்.

இனி வெற்றிவாய்ப்பு. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சொந்தக் கசப்பும் உண்டு என்பதை மறைக்கவில்லை. 2011-இல் இங்கே ஒரு சிறிய சங்கத்தின் பொருளாளர் பதவிக்கு நான் நின்றேன். கணக்கு எனக்குத் தெரியும், எதிரில் நின்றவருக்குத் தெரியாது, இது ஊரறிந்த விஷயம். வீடு வீடாகப் போனபோது எல்லாரும் காப்பி கொடுத்து உட்காரவைத்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நீ நின்னா நல்லதுதான் தம்பி, ஆனா ஜெயிக்க மாட்டியே." எனக்கு விழுந்தவை 31 வாக்குகள். எண்ணி முடித்த வாரத்தில், மற்றவர்கள் போட்டிருந்தால் நானும் உனக்குத்தான் போட்டிருப்பேன் என்று என்னிடம் சொன்னவர்கள் மட்டும் அறுபது பேருக்குக் குறையாது. அந்த அறுபதையும் முப்பத்தொன்றையும் கூட்டினால் நான் பொருளாளர்.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2019 கோடையில் ஒரு நிறுவனம் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் வழக்கம்போல யாருக்கு வாக்கு என்று கேட்டபோது பைடன் முதலிடத்தில் வந்தார். உங்கள் கையில் ஒரு மந்திரக்கோல் இருந்து, தேர்தலே இல்லாமல் நீங்கள் விரும்பியவரை நேரடியாக அதிபராக்கலாம் என்றால் யார் என்று கேட்டபோது எலிசபெத் வாரன் முந்தினார். கொள்கையில் தங்களோடு ஒத்துப்போகிறவரைவிட டிரம்ப்பைத் தோற்கடிக்கக்கூடியவரையே விரும்புகிறோம் என்று அந்த ஆண்டில் கட்சிக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். பெண் என்பதால் மற்றவர்கள் போடமாட்டார்கள் என்று, பெண்ணுக்குப் போடத் தயங்காதவர்களே கணக்குப் போட்டார்கள். அந்த 'மற்றவர்கள்' யார் என்று தேடிக்கொண்டு போனால் அவர்களும் இதையேதான் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

இந்தக் கணக்குச் சரியாக வந்ததா என்று பார்த்தால், 2020-இல் பைடன் ஜெயித்தார், ஆகவே வந்தது என்பார்கள். வேறொருவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் காட்ட முடியாது. 2004-இல் இதே கணக்கைப் போட்டுத்தான் டீனை விட்டுவிட்டு, வியட்நாம் போரில் பதக்கம் வாங்கிய ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். டீனோடு பழகினோம், கெர்ரியை மணந்தோம் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்களாம். கெர்ரி அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். ஜெயிக்கவே முடியாதவர் என்று 2016-இல் சொந்தக் கட்சிப் பெரியவர்களே தலையில் அடித்துக்கொண்ட டிரம்ப் ஜெயித்தார். ஹேலியின் பக்கத்தைப் பாருங்கள்: பைடனை எதிர்த்து டிரம்ப்பைவிட அவரே கூடுதலாக முந்துகிறார் என்று பல கருத்துக்கணிப்புகள் காட்டின, அவரும் மேடைதோறும் அதையே சொன்னார். எடுபடவில்லை. டிரம்ப்பே ஜெயிப்பார் என்று அவர் கட்சியினர் நம்பிக்கொண்டிருந்தபோது, ஜெயிக்கக்கூடிய ஆள் என்ற சரக்கை வாங்க அங்கே ஆள் இல்லை. பயந்திருப்பவர்களிடம்தான் அது விலைபோகும்.

சொல்லைவிட உறுதியாக இந்தத் தயக்கத்தை உடைக்கக்கூடியது ஒன்று உண்டு, அது வேறு இடத்தில் விழுந்த வாக்கு. 2008 ஜனவரி 3-ஆம் தேதி, வெள்ளையர்களே மிகப் பெரும்பான்மையாக உள்ள அயோவாவில் ஒபாமா வென்றார். அதுவரை, "வெள்ளைக்காரர்கள் நம் ஆளுக்குப் போடமாட்டார்கள்" என்று தயங்கி ஹிலாரியின் பக்கம் பாதி சாய்ந்திருந்த தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள், அந்த ஒரு இரவுக்குப் பிறகு மொத்தமாகத் திரும்பினார்கள். ஜனவரி 26-ஆம் தேதி அங்கே ஒபாமாவுக்கு 55 சதவீதம். அந்த முறை கிளைபர்ன் யாரையும் ஆதரித்து வாய்திறக்கவே இல்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஏப்ரலில் நடந்த பேச்சு இதோடு நின்றிருக்க வேண்டும். 19-ஆம் தேதி பெரியப்பாவும் நானும் போய் வாக்களித்துவிட்டு வந்தோம், தடைக்காலம் முடிந்தது, எனக்கும் வேலை கழுத்துவரை வந்துவிட்டது. ஜூன் 27-ஆம் தேதி விவாத மேடையில் பைடன் தடுமாறியதும், அதன்பின் அவர் கட்சியில் ஒவ்வொருவராக விலகச் சொல்லிக் கேட்டதும் செய்தியாகக் காதில் விழுந்துகொண்டிருந்தன. ஜூலை 21-ஆம் தேதி நம் நேரப்படி நள்ளிரவை நெருங்கும் வேளையில் அவர் விலகுவதாக அறிவித்தார்; அரைமணி நேரத்துக்குள் துணை அதிபர் கமலா ஹாரிஸை ஆதரிப்பதாக இன்னோர் அறிவிப்பும் போட்டார். முதனிலைத் தேர்தல்களில் பைடனுக்கு ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பது லட்சம் வாக்குகள் விழுந்திருந்தன. ஹாரிஸுக்காக எவரும் எங்கும் ஒரு வாக்குச்சீட்டில்கூட முத்திரை குத்தியிருக்கவில்லை. ஆனாலும் மறுநாள் இரவுக்குள், வேட்பாளராவதற்கு வேண்டிய 1,976-க்கும் அதிகமான மாநாட்டுப் பிரதிநிதிகள் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். போட்டிக்கு வரக்கூடும் என்று பேசப்பட்ட கவர்னர்கள் ஒவ்வொருவராக ஆதரவு தெரிவித்து ஒதுங்கினார்கள். பெரியவர்கள் கூடி முடித்துவைக்கக் கூடாது என்று 1968-க்குப் பிறகு கட்டிய வீட்டில், பெரியவர்கள் ஒரே நாளில் முடித்துவைத்தார்கள், மக்களும் பெரும்பாலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நம் தொலைக்காட்சிகள் ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போயின.

22-ஆம் தேதி காலையில் வடகடல் கரைக்குப் போயிருந்தேன். கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்ததால் தென்கடல் பக்கத்து வல்லங்களும் இந்தப் பக்கம் வந்து கிடந்தன. பெரியப்பா ஒரு வல்லத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"ஆளை மாத்திட்டாகளாமே?"

"ஆமா பெரியப்பா. அவரே விலகிக்கிட்டு, அந்தம்மாவைச் சொல்லிட்டாரு."

"திரும்ப ஓட்டுப் போட்டாகளா?"

"இல்லை."

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் ஒரு கூறு நகரையும் சீலாவும் கொட்டிக் கிடந்தன. வழக்கமாக வருகிற பெரிய வியாபாரி அன்றைக்கு வரவில்லை, சின்ன வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஏலம் கூறுபவர் இரண்டாம் முறையாக விலையைக் குறைத்துச் சொன்னார்.

"அந்தம்மா ஜெயிச்சிரும்னு சொல்லி நிறுத்துறாகளா," என்று கேட்டார் பெரியப்பா, "இல்ல, அவரு நின்னா தோத்துருவாருன்னு சொல்லி நிறுத்துறாகளா?"

இரண்டாவதுதான் என்றேன். அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, மீனுக்கு என்ன விலை நிற்கிறது என்று பார்க்கப் போனார்.